இரண்டாம் தட்டு

ஸ்டைன்கிரீமுர், அந்த நாற்காலி வேண்டாம்.
அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே
தனியாக ஒரு சிகிச்சை எடுக்க வேண்டும்.
இப்படி வா, ஜன்னலோரம், உயரமானதில்.
முழங்காலை நீட்டிக்கொள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

படிவம் நான்கு பக்கம்.
மூன்றாம் பக்கத்தில் முன்னும் பின்னுமாய்
முகமில்லாத ஒரு மனிதப் படம்.
வலிக்கிற இடத்தில் கோடு போடச் சொல்வார்கள்.
நான் தோளில் மட்டும் போட்டேன்.
போகுமிவா பேனாவைத் திருப்பிக் கொடுத்து
"தூக்கம்?" என்றாள்.
தூக்கம் உடம்பில் எங்கே இருக்கிறதென்று
அந்தப் படத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் தொடுவது கொஞ்சம், கேட்பதுதான் அதிகம்.
கப்பலில் எத்தனை ஏணி,
கட்டிலில் எந்தப் பக்கம் இறங்குவாய்,
காலுறையை யார் மாட்டிவிடுகிறார்கள்.
போலந்துக்காரி. நம் மொழியை
எழுத்தெண்ணிப் பேசுவாள்.
பொய் சொன்னால் அதே கேள்வியை
இன்னும் மெதுவாகக் கேட்பாள்.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்பாள்.
இந்தத் துறைமுகத்தில் எல்லா ஆண்களுக்கும் மூன்று.
விஞ்ச்சில் விரலை விட்டவனுக்கும் மூன்று.
நீயும் மூன்றுதான் சொல்வாய்.
சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காதே.

பிறகு ஒரு கோணமானி எடுப்பாள்,
பள்ளியில் தொலைத்தோமே, அதற்கு அக்காள்.
என் வலது கை அறுபத்திரண்டு பாகை.
பள்ளிப் பேருந்தின் கதவுப் பொத்தானை எட்ட
எழுபது வேண்டும்.
பனிக்கட்டியில் ஒரே ஒரு வழுக்கல்,
என் சம்பளம் எட்டுப் பாகையில் தொங்கியது.

மந்திரம் கிடையாது. சொடக்கென்று
எலும்பை உட்கார வைப்பதெல்லாம் சினிமாவில்.
மஞ்சளாக ஒரு ரப்பர் பட்டை தருவாள்.
இது குழந்தைகளுக்கானது என்று சிரிப்பாய்.
ஆறாவது இழுப்பில் சிரிப்பு நிற்கும்.

மறுநாள் வலிக்கும்.
திட்டு, தப்பில்லை.
நான் கூட்டுறவுக் கடையில் ரொட்டி வரிசையில்
அவளைத் திட்டிக்கொண்டிருந்தபோது
அவள் பின்னாலேயே நின்றிருந்தாள்.
"வேலை செய்த வலியா, கிழிகிற வலியா?"
அவ்வளவுதான் கேட்டாள், பாலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய
எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

வீட்டில் நாளுக்கு மூன்று தடவை
விரல்களால் சுவர் ஏற வேண்டும்.
ஏறாமல் ஏறினேன் என்றேன்.
தோள் காட்டிக்கொடுத்துவிட்டது.
கோபிக்கவில்லை அவள்; மூன்றை இரண்டாக்கினாள்,
"இது முடியுமா?" என்றாள்.
அதற்கப்புறம் பொய் சொல்ல
வெட்கமாகிவிட்டது.

போன வாரம் நாமெல்லாம் தெருவில் நின்றோமே,
இரண்டு மாதம் மலைக்குப் பின்னாலிருந்த சூரியன்
அன்று நான்கு நிமிடம் எட்டிப்பார்க்குமென்று.
மேகம். ஒன்றும் தெரியவில்லை.
வந்திருக்கும் என்றே வைத்துக்கொண்டு
உள்ளே போய்ப் பான்கேக் தின்றோம்.
நீ ஏழு தின்றாய், எண்ணினேன்.

அன்று சாயங்காலம் காப்பி போடும்போது
யோசிக்காமல் கையை நீட்டி
இரண்டாம் தட்டிலிருந்து கோப்பையை எடுத்தேன்.
அக்டோபரிலிருந்து எடுக்காத கோப்பை, நீலம்.
எடுத்துவிட்டேன் என்பது உறைத்ததும்
பயந்து விட்டுவிட்டேன்.
நாய் ஓடிவந்தது.

போகுமிவாவிடம் சொன்னேன்.
கோணமானியைத் தொடவேயில்லை.
என் கோப்பில் இப்படி எழுதினாள்:
வலது கை, இரண்டாம் தட்டு.
கீழே, சின்ன எழுத்தில்: கோப்பை உடைந்தது.

எத்தனை நாளாகும் என்று என்னைக் கேட்காதே.
அவளைக் கேள். அவளும் சொல்லமாட்டாள்,
ஆனால் சொல்லாததை நன்றாகச் சொல்வாள்.

அதோ, உன்னைத்தான் கூப்பிடுகிறாள்,
உன் பெயரின் நடுவில் கொஞ்சம் வழுக்கி.
ஊன்றுகோலை எடுத்துக்கொள்.
அரைக்கால் சட்டை கொண்டுவந்தாயா?
இல்லையா? சரி, போ.
கதவுக்குப் பின்னால் ஒன்று தொங்கும், பூப்போட்டது.
போன மாதம் நம் பாதிரியார் போட்டிருந்தார்.